ஈரத் திப்பி

குழுக் கூட்டத்தின் தேநீர் இடைவேளையில் மாவு ஆலைக்காரர் ஒருவர் தன் சட்டையைக் காட்டிக் காட்டிப் புலம்பிக்கொண்டிருந்தார். "காரு ஜன்னலத் திறந்துவிட்டு காத்து வாங்கிட்டு வந்தது என் தப்புதாங்க. முன்னாடி போறது எங்க ஆலை லாரி. கெழங்குத் திப்பி லோடு. வழி பூரா தண்ணி ஒழுகிக்கிட்டே போகுது. வளைவுல ஒரு ஆட்டு ஆட்டுனான் பாருங்க, மேலெல்லாம் அபிஷேகம்! சொந்த லாரிக்காரனையே திட்டிக்கிட்டு வந்தேன்." சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் தோளில் காய்ந்து வெளுத்திருந்த அந்தக் கறையைப் பார்த்ததும் கணக்கம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அவளுக்குக் கணக்கம்மா என்று பேர் வைத்ததே அந்தக் குழுதான். உணவுக்கான மூலப்பொருள் செய்கிற ஆலைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு பொது வழிகாட்டி எழுத உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பொருள் வயலில் முளைப்பதிலிருந்து தட்டுக்கு வந்து மிச்சம் குப்பைக்குப் போகிறவரை எவ்வளவு தண்ணீர் குடித்தது, எவ்வளவு புகை விட்டது என்று பார்க்கும் வாழ்நாள் கணக்கு. அதுவரை ஆளாளுக்குத் தனக்கு வசதியான முறையில் கணக்குப் போட்டு, நான்தான் சுத்தம் என்று மார்தட்டிக்கொண்டிருந்தார்கள். இனி எல்லோருக்கும் ஒரே முறை. அதைப் போட்டுக் கொடுக்கும் வேலை அவளுடைய மேலாளரின் சின்ன நிறுவனத்துக்குக் கிடைத்திருந்தது. மேலாளருக்குப் பேச்சு, அவளுக்குக் கணக்கு.

மரவள்ளிக் கிழங்கை அரைத்தால் மாவு வரும், சக்கையாகத் திப்பி மிஞ்சும். கிழங்கு விட்ட புகையை இரண்டுக்கும் எடைப்படி பங்கு பிரிப்பது என்பது அன்று ஓட்டுக்கு வந்திருந்த விதி. மாவின் எடை மூட்டைக் கணக்கில் வந்தது. காய்ந்து உலர்ந்த மாவு. திப்பியின் எடை ஆலை வாசலில் லாரியை நிறுத்திப் போட்ட எடை. இரண்டும் டன்னில் இருந்தன, அவளும் டன்னோடு டன்னைச் சேர்த்துவிட்டாள். திப்பியில் பாதிக்கு மேல் தண்ணீர். சொட்டிக்கொண்டே போகிற அந்தத் தண்ணீருக்கும் பங்கு போட்டு, மாவின் பாவத்தில் பெரும்பகுதியைத் திப்பியின் தலையில் கட்டியிருந்தாள். மாவு ஆலைக்காரர்கள் இந்த விதியைக் கண்டு இவ்வளவு குளிர்ந்துபோனது ஏன் என்று அவள் யோசித்தே பார்க்கவில்லை.

வேறு யாராவது இந்தத் தப்பைச் செய்திருந்தால் தெரியாமல் செய்தார்கள் என்று விட்டுவிடலாம். அவளுக்குத் திப்பி தெரியும். அக்காவும் அத்தானும் பிழைப்பதே அதில்தான். ஆலையிலிருந்து ஈரத் திப்பியை வாங்கி, களத்தில் பரப்பிக் காயவைத்து, மாட்டுத் தீவனக் கம்பெனிக்கு விற்கிறார்கள். மழை தூறினால் அக்கா சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டுத் தார்ப்பாயோடு ஓடுவாள். வழிகாட்டியில் திப்பி அழுக்கென்று வந்துவிட்டால் அடுத்த நாளே வேறு சரக்குக்கு மாறிவிடுவோம் என்று தீவனக் கம்பெனி முன்பே சொல்லிவிட்டது.

மேலாளரைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போய்ச் சொன்னாள். அவர் முகம் சுண்டிப்போயிற்று.

"இப்ப வந்து சொல்றியேம்மா. உள்ள போனதும் ஓட்டு."

"இப்பத்தான் சார் தெரிஞ்சது. நீங்க எந்திரிச்சு ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"சொல்லிட்டு? கடையச் சாத்திட்டு வீட்டுக்குப் போறதா? எடையே பாக்கத் தெரியாதவங்களுக்கு அடுத்த வேலைய யாரு குடுப்பா?" குரலைத் தாழ்த்தினார். "உங்க அத்தான் திப்பிதானே காயவெக்கிறாரு? நீ வாயத் தொறந்தா, சொந்தக்காரனுக்காகக் கணக்க வளைக்கிறாள்னுதான் பேசுவாங்க. அடுத்த பதிப்புல திருத்திக்கலாம். சும்மா வா."

அடுத்த பதிப்பு எந்தக் காலத்திலோ. அதற்குள் களத்தில் புல் முளைத்துவிடும்.

குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. ஆலைக்காரர்களுக்கு ஆலை உண்டென்பது ஊரறிந்த விஷயம், அவர்கள் தங்களுக்காகப் பேசத்தான் வந்திருக்கிறார்கள். கணக்குப் போடுகிறவர்களுக்குத்தான் கட்டுப்பாடு. ஒவ்வொரு விதியிலும் ஓட்டுக்கு முன்பு, இதில் எனக்கோ என் சொந்தக்காரருக்கோ லாப நஷ்டம் வருகிற சொந்த சங்கதி உண்டு, அல்லது இல்லை என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். உண்டென்றால் அதைப் பற்றி மூச்சு விடாமல் எழுந்து வெளியே போய்விட வேண்டும். நல்ல வழக்கம் என்று அவளே மெச்சியிருக்கிறாள். இப்போது அதுவே குறுக்கே நின்றது. உண்டு என்றால் தப்பைச் சொல்ல முடியாது. இல்லை என்று பொய் சொன்னால்தான் உண்மையைச் சொல்லலாம். அந்தப் பொய் நாளைக்கு வெளியே வந்தால் உண்மையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும்.

எல்லோரும் உள்ளே வந்ததும் குழுத் தலைவர் கண்ணாடிக் கதவைச் சாத்தச் சொன்னார். "திப்பி விதி. கணக்குப் போட்டவங்க சொல்லுங்க, சொந்த சங்கதி ஏதாவது?"

"இல்லைங்க" என்றார் மேலாளர், அவளைப் பார்க்காமல்.

"கணக்கம்மா?"

எழுந்தாள். "திப்பிய ஈரத்தோட எடை போட்டுட்டேங்க. காய்ஞ்ச எடைதான் போட்டிருக்கணும். தப்பு என்னோடது." யாரும் குறுக்கே விழுவதற்குள் ஒரே மூச்சில் மிச்சத்தையும் சொன்னாள். "எங்க அக்கா வீட்டுக்காரர் திப்பி காயவெச்சு விக்கிறவரு. சங்கதி இருக்கு. நான் வெளிய போறேன்."

"சங்கதிய மொதல்ல சொல்லணும்மா!" கறைச் சட்டை ஆலைக்காரர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "பேசக்கூடாதத பேசிட்டு அப்புறம் போறேங்கிறது என்ன நியாயம்? அத்தானுக்கு நல்லாத்தான் பரிஞ்சு பேசுறீங்க."

மேலாளர் சொன்ன சொல் சொன்னபடி வந்துவிட்டது. தலைவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "இவங்க சொன்னத நாம கேட்டதா வெச்சுக்கிறதா, கேக்காததா வெச்சுக்கிறதா?" என்று பொதுவாகக் கேட்டார். அந்தக் கேள்வி முடிவதற்குள் அவள் கதவுக்கு வெளியே வந்துவிட்டாள். கதவு தானாக மூடிக்கொண்டது, சத்தம் அறுந்துபோயிற்று.

வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு அடியில் ஒரு நிம்மதியும் இருந்தது, அது அவளுக்கே எரிச்சலாக இருந்தது. அக்காவுக்குப் போன் செய்யலாமா என்று நினைத்தாள். என்னவென்று சொல்வது? கைப்பையும் உள்ளேயே கிடந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆலைக்காரர் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். யாரோ அவரை உட்காரச் சொன்னார்கள். தலைவர் மேலாளர் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார், சின்னக் கேள்வி; எடை ஈரத்தோடு போட்டதுதானா என்பதாகத்தான் இருக்கும். ஆமாம் என்றோ இல்லை என்றோ சொன்னால் போதும் போலிருந்தது. மேஜையைச் சுற்றியிருந்த தலைகளெல்லாம் ஒவ்வொன்றாக அவர் பக்கம் திரும்பின. மேலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். பிறகு அதை மாட்டிக்கொண்டு நிமிர்ந்து, வாயைத் திறந்தார். கதவுக்கு இந்தப் பக்கம், தன்னை அறியாமல் அவள் உதடுகளும் அசைந்தன, பாடம் மறந்து நிற்கும் பிள்ளைக்கு ஜன்னல் வழியே எடுத்துக்கொடுப்பவளைப்போல.