மீன் பார்க்கப் போனவர்

மாரிசெல்வத்தைக் கட்டிக்கொள்வதா வேண்டாமா என்று அன்று இரவுக்குள் அம்மாவுக்குச் சொல்லியாக வேண்டும். அவருக்கு ஊர் கோவில்பட்டி, எனக்குச் சங்கரன்கோவில். இருவருக்கும் வேலை சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில், வேறு வேறு கம்பெனியில். ஊருக்குப் போய்ப் பெண் பார்க்க இருவருக்கும் சேர்ந்தாற்போல் லீவு கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்காவது போய்ப் பேசிக்கொள்ளுங்கள் என்று பெரியவர்களே விட்டுவிட்டார்கள். கடற்கரைச் சாலையில் இருக்கும் மீன் காட்சியகத்தைச் சொன்னது நான்தான். துணைக்கு என் கம்பெனியில் என்னோடு வேலை பார்க்கும் கவிப்பிரியா வந்தாள். வாலாஜாபாத்காரி, வாய் சும்மா இருக்காது.

பஸ்ஸில் அவர் பேசிய ஒரே பேச்சு "சாப்பிட்டீங்களா?" சட்டைக் காலரில் சோப்பு சரியாகப் போகாமல் வெள்ளையாகக் காய்ந்திருந்தது. தலைமுடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. எல்லாவற்றையும் மனதுக்குள் குறித்துக்கொண்டே வந்தேன்.

உள்ளே இருட்டு, நீல வெளிச்சம், சுவரிலும் கூரையிலும் கண்ணாடிக்குப் பின்னால் தண்ணீர். முறம் அகலத்துக்கு ஒரு திருக்கை மீன் தலைக்கு மேல் போக, கூட்டம் வாய் பிளந்து நின்றது. இவர் மட்டும் தலையைச் சாய்த்து, முட்டியை மடக்கி, நிமிர்ந்து, மறுபடி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். மீனை இல்லை, கண்ணாடியை. கார்களுக்கு முன்கண்ணாடி செய்யும் கம்பெனியில் அவருக்குக் கண்ணாடி சோதிக்கிற வேலை. அடுத்த தொட்டியிலும் அதேதான்.

"இங்க ஒரு கீறல் இருக்கு" என்றார், சந்தோஷமாக.

கவிப்பிரியா என் காதைக் கடித்தாள். "இன்னாடி, மாப்ள மீன் பாக்க வந்தாரா, கண்ணாடி வாங்க வந்தாரா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. பக்கத்தில் நிற்பவளை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்காத மனிதரோடு எப்படிக் குடும்பம் நடத்துவது? வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டியதுதான். ஆனாலும் வாய் கேட்காமல் இருக்கவில்லை.

"உங்க கண்ணுல மீன் ஒண்ணுகூடப் படலையா?"

அவர் முகம் சுண்டிப்போனது. "தப்பா நெனச்சிராதீங்க. கண்ணாடிக்குப் பின்னால ஆளே நடந்தாலும் கண்ணு அங்க போகக் கூடாதுன்னு பழக்கியிருக்காங்க. போச்சுன்னா குறை தப்பிரும். இப்ப எங்க கண்ணாடி இருந்தாலும் அதுலயே நின்னுருது. பஸ்ஸுல ஜன்னல் சீட்டுல உக்காந்தாக்கூட ரோடு தெரியாது."

கோபத்தோடு கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. அவர் மணிக்கட்டைப் பிடித்து, உள்ளங்கையைத் தொட்டிக் கண்ணாடிமேல் வைத்து அழுத்தினேன்.

"ஐயோ, ரேகை விழும்!" கையை இழுக்கப் பார்த்தார். கையுறை இல்லாமல் அவர் கண்ணாடியைத் தொட்டே வருஷக்கணக்கில் ஆகியிருக்கும்.

"விழட்டும்."

பெரிய களவா மீன் ஒன்று இரை என்று நினைத்ததோ என்னவோ, அந்தக் கைக்கு நேரே வந்து வாயைத் திறந்து மூடியது. அவர் கையைப் பார்த்தார். பிறகு கையைத் தாண்டிப் பார்த்தார்.

"அடேயப்பா, இம்புட்டுப் பெருசா!"

"யம்மா, கண்ணாடி மேல கை வெக்காதன்னு எழுதிகீது இல்ல?" காவலாளி கத்தினார். கையை எடுத்தோம். கவிப்பிரியா அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

அவர் மெதுவாக என்னிடம் கேட்டார். "காலையிலருந்து என் காலரையும் தலையையும் பாத்துக்கிட்டே வாரீங்க. ரிஜெக்டா?"

"நீங்கதான் என்னையப் பாக்கவே இல்லையே?"

"கண்ணாடியத்தான பாத்தேன். அதுல நீங்க தெரிஞ்சீங்க."

எனக்குச் சுருக்கென்றது. எனக்கும் செல்போன் கம்பெனியில் இன்ஸ்பெக்ஷன் வேலைதான். லென்ஸுக்கு அடியில் கீறலையும் தூசியையும் தேடித் தேடித் தள்ளிவிடுகிற வேலை. அவர் கண்ணாடியிலேயே நின்றார் என்றால் நான் காலரிலேயே நின்றிருக்கிறேன். அப்போதுதான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். பதிலுக்குப் பயந்து நிற்கிற முகம். வெட்கமாக இருந்தது, அடுத்த தொட்டிக்கு நடந்துவிட்டேன்.

திரும்பும் பஸ் படப்பையைத் தாண்டும்போது அம்மா போன் செய்தாள்.

"பையன் எப்படிடீ? என்ன சொல்லட்டும்?"

முன் சீட்டில் அவர் உள்ளங்கையை ஜன்னல் கண்ணாடியில் பதித்து வைத்திருந்தார். கண் வெளியே இருந்தது.

"ரோட்டப் பாத்துக்கிட்டு வாராரும்மா" என்றேன். "சரின்னு சொல்லிரு."