நாற்பத்தொரு கட்டத்தில் ஒரு டேப்லெட்

எங்கள் மாணவர் விடுதியில் பன்னிரண்டு அறைக்கு ஒரே சமையலறை. யாருடைய பாலை யார் குடித்தது, யார் கடைசியாக அடுப்பைத் துடைத்தது என்ற விவகாரமெல்லாம் அங்கிருக்கும் நீள மேசையில்தான் தீரும், அல்லது தீராமல் கிடக்கும். எஸ்பென் டேப்லெட் வாங்குவதா வேண்டாமா என்ற கேள்வியும் ஒரு செப்டம்பர் மாலை அந்த மேசைக்குத்தான் வந்து சேர்ந்தது.

எஸ்பென் ஏழாம் அறை. நாட்டின் மேற்குக் கடற்கரைப் பக்கத்திலிருந்து எங்கள் ஆர்ஹூஸ் நகருக்கு நிலவியல் படிக்க வந்தவன், முதலாண்டு. எதையும் அவசரப்பட்டு வாங்குகிற ஆள் இல்லை. சைக்கிளுக்கு ஒரு மணி வாங்க மூன்று வாரம் யோசித்தான். அந்த மூன்று வாரமும் முன்னால் போகிறவர்களைப் பார்த்து வாயாலேயே “டிங் டிங்” என்று சொல்லிக்கொண்டு ஊரைச் சுற்றினான். நான் எட்டாம் அறை, பெயர் மரென், செவிலியர் படிப்பு. நடுச்சுவர் மெல்லியது. அதனால் அவன் கதை எனக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும்.

ஆரம்பித்து வைத்தவன் அவன் வகுப்புத் தோழன் வில்லாட்ஸ். கனிமங்களைப் பற்றிய முதல் வகுப்பில் எல்லோரும் நோட்டைத் திறக்க, வில்லாட்ஸ் மட்டும் பையிலிருந்து மெல்லிய டேப்லெட் ஒன்றை எடுத்து, பேனாவால் ஒரு படிகத்தை நிழலோடு, சிவப்புச் சாயலோடு வரைந்தான். பிறகு இரண்டு விரலை வைத்துத் திருப்பினான். படிகம் திரும்பியது. பாடம் நடத்திக்கொண்டிருந்த பிர்கிட்டே அந்தப் பக்கம் நடந்தபோது, “அழகா இருக்கே” என்று சொல்லிவிட்டுப் போனார். எஸ்பென் தன் கட்டம்போட்ட நோட்டைக் குனிந்து பார்த்தான். அதிலிருந்த படிகம் உருளைக்கிழங்கு மாதிரி இருந்தது.

“மரென், படிப்புக்கு டேப்லெட் தேவையா?” என்று அன்று மாலை கேட்டான். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

“உங்கிட்டதான் லேப்டாப் இருக்கே.”

“இருக்கு. ஆனா அதுல வரைய முடியாது.”

“நோட்டுல வரையேன்.”

“நான் வரைஞ்சத நீ பாக்கல.” நோட்டைக் காட்டினான்.

பார்த்தேன். “டேய், நீ எதுல வரைஞ்சாலும் உருளைக்கிழங்குதான்டா வரும்.”

“சோதிச்சுப் பாக்காம அப்படிச் சொல்லக் கூடாது,” என்றான், கொஞ்சம்கூடக் கோபப்படாமல். அந்தக் கோபப்படாத குரலைக் கேட்டபோதே இது எங்கே போய் நிற்கும் என்று எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

மறுநாள் கடைக்குப் போனான். விற்பனையாளன் இவனைவிடச் சின்னப் பையன் போலிருந்தானாம். “எதுக்கு வாங்குறீங்க?” என்று கேட்டிருக்கிறான். “படிக்க,” என்றிருக்கிறான் எஸ்பென். “சரி, படம் எவ்வளவு பாப்பீங்க?” “படிக்கத்தான் வாங்குறேன்.” “புரியுது. படுத்துக்கிட்டுப் பாப்பீங்களா, உக்காந்துக்கிட்டா?” எஸ்பென் இதை ஒரு நல்ல கேள்வி என்று எடுத்துக்கொண்டான். திரும்பி வந்து ஓர் அட்டவணை போட்டான். குறுக்கே டேப்லெட் வகைகள், நெடுக்கே அவற்றின் குணங்கள். எடை, மின்கலம் தாங்கும் நேரம், பேனா முனையின் தேய்மானம், கண் எரிச்சல். முதல் நாள் ஒன்பது குணங்கள். அக்டோபர் நடுவில் நாற்பத்தொன்று. நாற்பதாவது குணம் “சக மாணவர்களின் பார்வையில் என் மதிப்பு”. நாற்பத்தொன்றாவது “வாங்காமல் இருந்தால் வரும் வருத்தம்”. அதற்கு எப்படி மதிப்பெண் போட்டான் என்று கேட்டேன்.

“ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் எவ்வளவு வருத்தமா இருக்குன்னு பத்துக்கு எழுதுறேன். அப்புறம் சராசரி.”

“இந்த வாரம் எவ்வளவு?”

“ஆறரை. போன வாரம் எட்டு. மழை பெஞ்சுது, அதனால சரியாச் சொல்ல முடியல.”

இதற்கிடையே எல்லோருக்கும் சமைக்கும் முறை அவனுக்கு வந்தால் கறுப்பு ரை ரொட்டியும் டப்பா மீனும்தான். வேறெதற்கும் நேரமில்லை. மூன்றாம் அறை ஹால்ஃப்டான் ஒருநாள் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, “அந்த அட்டவணைய வறுத்துப் போடுடா, அதையாவது சாப்பிடுறோம்,” என்றான். எஸ்பென் சிரித்தான். ஆனால் சாப்பாடு முடிந்ததும் அதே ஹால்ஃப்டான்தான் அவன் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, “என் தங்கச்சிக்கு ஒண்ணு வாங்கணும், எது நல்லது?” என்று மெதுவாகக் கேட்டான்.

அங்கேதான் விஷயம் கை மீறியது. தங்கை அட்டவணையைத் தோழிகளுக்கு அனுப்பினாள். தோழிகள் சட்டக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். சட்டக்காரர்கள் எதையும் ஒருவருக்கு மட்டும் அனுப்பமாட்டார்கள். நவம்பரில் முன்பின் தெரியாதவர்கள் எங்கள் சமையலறைக் கதவைத் தட்டி, “டேப்லெட் எஸ்பென் இங்கதான இருக்காரு?” என்று கேட்கத் தொடங்கினார்கள். அவர்களை உட்காரவைத்து, காப்பி ஊற்றிக் கொடுத்து, என்ன பாடம், எந்தக் கை எழுதும் கை, பஸ்ஸில் நின்றுகொண்டு படிப்பீர்களா என்றெல்லாம் விசாரிப்பான். எங்கள் வார்டில் பெரிய டாக்டர்கூட நோயாளியிடம் அவ்வளவு பொறுமையாகப் பேசி நான் கண்டதில்லை. அவன் சொன்னதைக் கேட்டு எத்தனையோ பேர் வாங்கினார்கள். அவன் வாங்கவில்லை.

நிலவியல் மாணவர் சங்கம் ஒரு வெள்ளிக்கிழமை பீர் மாலையில் அவனைப் பேசக் கூப்பிட்டது. தொண்ணூறு பேர் வந்தார்கள். அதற்கு முந்தைய வாரம் பெரிய பனியாற்று நிபுணர் ஒருவர் பேசியபோது பதினொரு பேர், அதில் இரண்டு பேர் நாற்காலி எடுத்துப்போட வந்தவர்கள். எஸ்பென் ஒரு மணி நேரம் பேசினான். முடிவில் ஒரு பெண் எழுந்து, “நீங்க எத வச்சிருக்கீங்க?” என்று கேட்டாள்.

“நான் இன்னும் முடிவு பண்ணல,” என்றான் எஸ்பென்.

கைதட்டினார்கள். அவ்வளவு நடுநிலையான ஆளை அவர்கள் பார்த்ததே இல்லையாம்.

டிசம்பரில் வில்லாட்ஸ் தன் டேப்லெட்டை அவனுக்கு இரண்டு நாள் இரவல் கொடுத்தான். நேரடிச் சோதனை. இரண்டு நாளும் ஏழாம் அறையிலிருந்து ஏதோ ஒரு போட்டித் தொடரில் யாரோ கேக் சுடுவதும், நடுவர்கள் அழுவதும், கைதட்டலும் சுவர் வழியாக எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தன. மூன்றாம் நாள் காலையில் கண் சிவந்து வந்து உட்கார்ந்தான்.

“எத்தன பகுதி பாத்த?” என்றேன்.

“பதினொண்ணு.”

“குறிப்பு எவ்வளவு எழுதின?”

“நாலு வரி. அதுல ஒண்ணு வெண்ணெய் அளவு.” ஒளிவுமறைவே இல்லாத பையன். இரண்டு எண்ணையும் அட்டவணையில் “கவனம்” என்ற கட்டத்தில் அப்படியே பதிந்தான். “ஆனா படத்தோட தரம் ரொம்ப நல்லாருக்கு, மரென்.”

மார்ச்சில் களப்பயணம். ஓடர் என்ற ஊருக்குத் தெற்கே, கடலோரத்தில் ஒரு களிமண் சரிவு. பனியாறுகள் விட்டுப்போன அடுக்குகளை அங்கே வெறும் கண்ணால் பார்க்கலாம். அன்றைக்கு என்ன நடந்தது என்பதை எனக்கு வில்லாட்ஸ் சொன்னான், எஸ்பெனும் சொன்னான். இரண்டும் ஒத்துப்போகின்றன.

கிழக்குக் காற்று, சாய்ந்தடிக்கும் மழை. இருபத்திரண்டு மாணவர்களில் பதினாறு பேரிடம் டேப்லெட். அவற்றில் பாதிக்கு மேல் எஸ்பென் பரிந்துரைத்தவை. கையுறை போட்ட விரலை அவை ஏற்கவில்லை. கையுறையைக் கழற்றினால் ஈர விரலை ஏற்கவில்லை. மழைத்துளி ஒவ்வொன்றையும் மட்டும் விரல் என்று நம்பி, கேட்காத பக்கங்களைத் திறந்து கேட்காத கோடுகளைப் போட்டன. வில்லாட்ஸின் மூன்று மாதக் குறிப்புகள் ஒரு பெரிய துளி விழுந்து சீன மொழிக்கு மாறிவிட்டன. குளிரில் மின்கலங்கள் ஒவ்வொன்றாகக் கண்ணை மூடின. எஸ்பென் மட்டும் சரிவின் கீழே நின்று, நெகிழி உறைக்குள் நோட்டை வைத்து, பென்சிலால் விடாமல் எழுதிக்கொண்டிருந்தான். அடிக்கடி கடிகாரத்தைப் பார்ப்பான், எழுதுவான். மற்றவர்களை எட்டிப் பார்ப்பான், எழுதுவான்.

பிர்கிட்டே இதைக் கவனித்துவிட்டார். குளிரில் மூக்கு சிவக்க எல்லோரையும் கூப்பிட்டார். “இங்க வாங்க. இப்படித்தான் களத்துல வேல பாக்கணும். எஸ்பென், அத இப்படிக் குடு.”

“வேணாம் பிர்கிட்டே,” என்றான் எஸ்பென்.

“என்ன கூச்சம்? குடு.”

வாங்கிச் சத்தமாகப் படித்தார். “பத்து பதினாலு: ஹெல்லேயோட டேப்லெட், திரை மங்குது. பத்து இருபது: வில்லாட்ஸ், மொழி மாறுது. பத்து முப்பத்தொண்ணு: பெரிய அளவு, வெள்ளி நிறம், முழுசா அணைஞ்சது, காற்று வடகிழக்கா திரும்பிருக்கு...” நிறுத்தினார். பக்கத்தைத் திருப்பினார். இன்னொரு பக்கத்தையும் திருப்பினார். மழை நோட்டின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது.

“பன்னெண்டு வருஷமா மாணவர்கள இங்க கூட்டிட்டு வர்றேன்,” என்றார். “இவ்வளவு துல்லியமான களக் குறிப்ப நான் பாத்ததே இல்ல. இதுல மண்ணப் பத்தி ஒரு வார்த்த இருந்திருந்தா நல்லாருக்கும்.”

எல்லோரும் சிரித்தார்கள். எஸ்பெனும் சிரித்தான். ஆனால் அன்று விடுதிக்கு வந்து ஈரச் சட்டையைக்கூட மாற்றாமல் சமையலறையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். சூப் வைத்துக் கொடுத்தேன். “மரென், எனக்குப் பின்னால அஞ்சு அடுக்கு இருந்துச்சு. ஒண்ணு நீலக் களிமண். அதோட நிறத்தக்கூட நான் வில்லாட்ஸ் சொல்லித்தான் தெரிஞ்சுக்கிட்டேன்,” என்றான்.

அத்தோடு திருந்தியிருப்பான் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு வாரத்தில் அட்டவணையின் இரண்டாம் பதிப்பு வந்தது. குளிர், மழை, கையுறை எல்லாம் சேர்த்து. துருவப் பகுதிகளில் வேலை செய்கிறவர்கள்கூட வாங்கிப் பார்த்தார்கள்.

ஜூனில் வாய்மொழித் தேர்வு. பச்சைத் துணி விரித்த மேசைக்கு அந்தப் பக்கம் பிர்கிட்டேயும் வெளியூரிலிருந்து வந்த ஒரு தேர்வாளரும். இந்தப் பக்கம் மாணவனும் அவன் எடுக்கும் சீட்டும் மட்டும். எந்தக் கருவிக்கும் அங்கே வேலையில்லை. எஸ்பென் எடுத்த சீட்டில் பனியாற்றுப் படிவுகள் என்று இருந்தது. கடலோரச் சரிவின் அடுக்குகளைக் கீழிருந்து மேலாகச் சொல்லச் சொன்னார்கள். இரண்டைச் சொன்னான். பிறகு மழையைப் பற்றிச் சொன்னான்.

எங்கள் நாட்டில் தோற்றவனுக்கு ஒரு சுழியம் போதாது, இரண்டு போடுவார்கள். எஸ்பெனுக்கு இரண்டும் கிடைத்தன. வில்லாட்ஸ் மயிரிழையில் தேறினான். வரைந்த படங்களை அவன் ஒருமுறைகூடத் திரும்பப் பார்க்கவில்லை, வரைந்து முடித்ததும் படித்து முடித்த திருப்தி வந்துவிட்டதாம். இங்கே பன்னிரண்டுதான் உச்ச மதிப்பெண், வகுப்பில் அதை வாங்கியவள் குத்ருன். தாத்தா வீட்டில் மிச்சமான சுவர்த்தாள் சுருளின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதி, அறை முழுக்க ஒட்டிவைத்துப் படித்தவள்.

அந்தச் செய்தியைக் கேட்ட அன்று மாலை எஸ்பெனின் அட்டவணையில் புதிதாக ஒரு வகை சேர்ந்திருந்ததை நானே பார்த்தேன். “சுவர்த்தாள், ஒரு சுருள். எடை: 1.1 கிலோ. மின்கலம்: பொருந்தாது.”

“எஸ்பென்,” என்றேன், “நீ ஒரு வருஷமா என்ன படிச்சேன்னு உனக்கே தெரியுதாடா?”

அவன் லேப்டாப்பை மூடினான். பிறகு, “குத்ருன் எங்க தங்கியிருக்கா?” என்று கேட்டான்.

அந்தக் கோடை முழுக்க அவளோடு சரிவுக்குப் போனான். பஸ்ஸில் போய், சாண்ட்விச் கட்டிக்கொண்டு, அடுக்கடுக்காகத் தொட்டுப் பார்த்து, நக்கியும் பார்த்தான். வண்டலா களிமண்ணா என்பது பல்லில் நெறிபடும் விதத்திலேயே தெரிந்துவிடுமாம். குத்ருன் அவனைக் கொஞ்சம்கூட விட்டுவைக்கவில்லை. “அடே விஞ்ஞானி, பொருள வாங்குறதுக்கு முன்னாடி பொருளப் பாக்குறவனே, இதப் பாரு, இதுக்குப் பேரு மண்ணு,” என்பாளாம். அவன் அதை எங்களிடம் பெருமையாகச் சொல்வான்.

ஆகஸ்டில் மறுதேர்வு. அதே பச்சைத் துணி, அதே இருவர். இந்த முறை ஐந்து அடுக்கையும் சொன்னான், நீலக் களிமண்ணின் ருசியையும் சொன்னான். நான்கு மதிப்பெண். சுமார்தான், ஆனால் தேறிவிட்டான். கைகுலுக்கி எழுந்தபோது வெளியூர்த் தேர்வாளர் தொண்டையைச் செருமினார்.

“ஒரு நிமிஷம். அந்த அட்டவணை போட்ட எஸ்பென் நீங்கதானே? என் பொண்ணு செப்டம்பர்ல சேர்றா. எத வாங்கலாம்?”

பிர்கிட்டே கூரையைப் பார்த்தார்.

“அவ படிக்கிறதுக்கு என்ன வேணும்னு படிக்க ஆரம்பிச்ச பெறகுதான் தெரியும்,” என்றான் எஸ்பென். “அதுக்கு முன்னாடி எத வாங்கினாலும் படம்தான் பாப்பா.”

தேர்வாளர் அதைத் தேர்வுத்தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டார். பிறகு தலையைத் தூக்கி, “சரி. ஆனா எந்த அளவு?” என்றார்.

அக்டோபரில் எஸ்பென் டேப்லெட் வாங்கினான். எப்படி என்றால், ஹால்ஃப்டான் காப்பிக் கோப்பையை அவன் லேப்டாப்பின் மேல் கவிழ்த்துவிட்டான். அடுத்த நாள் பழைய நிலவியல் வரைபடங்களைப் பற்றி வகுப்பில் பேச வேண்டும். கடை மூட ஏழு நிமிடம் இருந்தது. உள்ளே ஓடினான், வாசலுக்குப் பக்கத்திலேயே இருந்த ஒன்றைக் காட்டினான், பணத்தைக் கட்டிவிட்டு வந்தான். அந்த வகை அவனுடைய அட்டவணையிலேயே இல்லை.

“நல்லாருக்கா?” என்று கேட்டேன்.

“வரைபடம் பாக்க நல்லாருக்கு. பெரிசு பண்ணிப் பாக்கலாம். எழுத நோட்டுதான் சரி.”

அவ்வளவுதான் ஒரு வருட ஆராய்ச்சியின் முடிவு. அட்டவணையை இப்போது அவன் தொடுவதில்லை. சட்டக் கல்லூரியில் யாரோ அதை நடத்துகிறார்கள், எழுபது கட்டத்தைத் தாண்டிவிட்டது என்று கேள்வி.

நேற்று இரவுச் சாப்பாட்டின்போது எஸ்பென் பெஞ்சில் மல்லாந்து படுத்து, டேப்லெட்டை முகத்துக்கு மேலே தூக்கிப் பிடித்து, ஊரின் வரைபடத்தை இரண்டு விரலால் விரித்துக்கொண்டே போனான். திடீரென்று எழுந்து உட்கார்ந்து, “டேய், நம்ம சமையலறைக்குக் கீழ முப்பது மீட்டருக்குக் களிமண்! நம்ம எல்லாரும் ஒரு பழைய கடலுக்கு மேல உக்காந்து சாப்பிடுறோம்!” என்று கத்தினான்.

“உருளைக்கிழங்க இந்தப் பக்கம் தள்ளு,” என்றான் ஹால்ஃப்டான்.