ஒரு நோட்டில் இரண்டு பேர்

கத்திவாக்கத்துப் பாஸ்கருக்குச் சக்கரை வியாதி என்பது அரசாங்கத்துக்குத் தெரியும். அவன் பெண்சாதி வேம்புவுக்கும் அதே வியாதி என்பது வீட்டோடு சரி. ஏதோ ஒரு கம்பெனி நடத்திய இலவச முகாமில் விரலைக் குத்திப் பார்த்து, முந்நூற்றுப் பத்து என்றார்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகும்படி சீட்டு எழுதி, தெம்புக்கு ஒரு மாம்பழ ஜூஸும் கொடுத்து அனுப்பினார்கள்.

ஆஸ்பத்திரியில் சக்கரைக்கு நாள் செவ்வாய்க்கிழமை. விடியும்போதே போய் டோக்கன் வாங்கினால் மதியம் மாத்திரை கைக்கு வரும். மாத்திரை இலவசம்; போகிற அரை நாள்தான் இலவசமில்லை. இடுப்பு போன பிறகு கரையில் உட்கார்ந்து வலை பின்னும் பாஸ்கருக்கு அது பரவாயில்லை. வேம்பு முகத்துவாரத்தில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிக்கிறவள். அவள் போகலாம் என்று நினைத்த செவ்வாய்களில் எல்லாம் தண்ணீர் காலையிலேயே வற்றித் தொலைத்தது. வற்றும்போது இறங்காவிட்டால் அன்றைக்கு அடுப்பில்லை.

"ஒரு வூட்டுக்கு ஒரு சக்கர போதும்யா. ரேசன்லயே அப்டித்தான கீது," என்றாள்.

ஆகவே பாஸ்கரின் ஆஸ்பத்திரி நோட்டில் எழுதிய மாத்திரையை ஆளுக்குப் பாதியாகப் போட்டுக்கொண்டார்கள். நான்கு மாதம் கழித்து டாக்டர் சௌமியா, சக்கரை இறங்கவே இல்லையே, ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். ஒருவேளைகூடத் தவறியதில்லை என்று அவன் சத்தியம் செய்தான். உண்மைதான். டாக்டர் பெருமூச்சு விட்டு அளவை இரட்டிப்பாக்கினார்.

பரீட்சையில் பாஸானவன் மாதிரி பாஸ்கர் வீடு வந்தான். "ஏத்திட்டாங்கமே," என்றான். வேம்பு விற்க வைத்திருந்த நண்டை எடுத்துக் குழம்பு வைத்தாள். வியாதி முற்றிவிட்டது என்பதற்காக விருந்து வைத்த குடும்பம் எண்ணூர் பக்கத்திலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும்.

இப்படி இரண்டு வருஷம் ஓடியது. அந்த ஆடியில் சேற்றுக்குள் கிடந்த சிப்பி அவள் பாதத்தைக் கிழித்தது. அனல்மின் நிலையத்துச் சாம்பலும் எண்ணெயும் கலந்த தண்ணீர். மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு மறுநாளும் இறங்கினாள். வலியே இல்லை, அதனால் நன்றாக ஆறுகிறது என்று நினைத்தார்கள். பத்தாம் நாள் இரண்டு விரல்கள் கறுத்திருந்தன.

பாஸ்கர் ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடினான். அவசரப் பிரிவில் இருந்தவர் அவளுடைய நோட்டைக் கேட்டார். இவன் தன்னுடையதை நீட்டினான். இது உங்களுடையது, அந்தம்மாவுடையது எங்கே என்றார்.

"ரெண்டு பேருக்கும் இதான் சார்."

அவர், இதற்கு முன் சிகிச்சை எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை என்று எழுதினார்.

முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். கண் விழித்தவள் காலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "செவ்வாக்கெழம நீ போய்டுயா. வுட்டுட்டா மாத்திரய மொதல்லேந்து ஆரம்பிப்பாங்கோ," என்றாள். விஷம் அதற்குள் ரத்தத்தில் ஏறியிருந்தது. ஐந்தாம் நாள் போய்விட்டாள்.

அவள் பங்கு மாத்திரையை என்ன செய்வதென்று பாஸ்கருக்குத் தெரியவில்லை. தூக்கிப் போட மனசு வரவில்லை. அவனே விழுங்கினான். கை நடுங்கியது, வேர்த்துக் கொட்டியது, வலை பின்னும்போதே கண் இருட்டியது. பெண்டாட்டி போன துக்கம், அப்படித்தான் இருக்கும் என்று குப்பத்தில் எல்லோரும் சொன்னார்கள். அவனும் நம்பினான்.

காரியம் முடிந்து அடுத்த செவ்வாய் போனான். விரலில் குத்திப் பார்த்தார்கள். அறுபத்தெட்டு.

டாக்டர் சௌமியாவுக்கு முகம் மலர்ந்தது. "இப்பத்தான் ஒழுங்கா சாப்பிடுறீங்க போல. ஆனா ரொம்ப இறங்கிடுச்சு, மயக்கம் வரும். பாதியாக் குறைச்சிடறேன்."

பேனா இறங்கும் முன் பாஸ்கர் நோட்டின் மேல் உள்ளங்கையை வைத்தான்.

"கொறைக்காதீங்க டாக்டரம்மா. மீதி எங்க வூட்டம்மாவுது."

டாக்டருக்குப் புரியக் கொஞ்சம் நேரமாயிற்று. புரிந்ததும் பேனாவைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே. அடுத்த வாரம் அவங்களையும் கூட்டிட்டு வாங்க. தனி நோட்டு போட்டுடலாம், அஞ்சு நிமிஷ வேலை."

அடுத்த டோக்கன்காரர் பின்னால் வந்து நின்று செருமினார். பாஸ்கர் கையை எடுத்தான்.