வீட்டில் பேசும் மொழி

மகளைப் பள்ளியில் சேர்த்த அன்று கொடுத்த படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள்? ஸ்பானிஷ் என்று நான்தான் எழுதினேன். யாரும் என் கையைப் பிடித்து எழுதவைக்கவில்லை.

எங்கள் மொழி மாம், மலையில் வாழும் மாயாப் பழங்குடிகள் பேசுவது. குவாத்தமாலாவில் நான் படித்த வகுப்பில் மாம் பேசினால் வாத்தியார் முட்டி போடவைப்பார். சந்தையில் காய் வாங்க வருகிறவன்கூட மேலும் கீழும் பார்ப்பான். ஸ்பானிஷ் பேசுகிறவன்தான் மனிதன் என்று என் மண்டையில் ஏறிவிட்டது. அமெரிக்காவில் ஓக்லண்டுக்கு வந்து கூரை வேலை செய்து பிழைக்கிறபோதும் அது இறங்கவில்லை. எனக்குத் தெரிந்த ஸ்பானிஷ் கூலி பேசவும் ஆணி கேட்கவும் போதும், அவ்வளவுதான். என் மகள் எவுலாலியாவுக்கு அதுவும் கிடையாது. அப்போது அவளுக்கு ஏழு வயது.

அவளை ஸ்பானிஷில் சோதித்தார்கள். அவள் வாயே திறக்கவில்லை. பிறகு ஒரு கூட்டம், கட்டுக்கட்டாகக் காகிதம், மொழிபெயர்க்க ஒரு ஸ்பானிஷ்காரப் பெண். அந்தப் பெண் பேசியதில் பாதி எனக்கு விளங்கவில்லை. தலையாட்டினேன். என் மனைவி ஹுவானா விலாவில் இடித்தாள்.

"என்னங்க சொல்றாங்க?"

"தனி வகுப்பாம். நல்லாப் பாத்துக்குவாங்களாம். சும்மா இரு."

"உங்களுக்குப் புரிஞ்சுதா?"

"புரியாமலா தலையாட்டுறேன்?"

கையெழுத்துப் போட்டேன். அது அறிவு வளர்ச்சி குறைந்த பிள்ளைகளுக்கான வகுப்பு என்று எனக்குத் தெரிய இரண்டு வருடம் ஆனது. தெரியவைத்தவள் பெத்ரோனா. எங்கள் மலைப் பக்கத்துக்காரி, பள்ளியில் மாம் மொழிபெயர்க்கப் புதிதாகச் சேர்ந்தவள். எவுலாலியாவின் காகிதங்களைப் பார்த்துவிட்டு ஒரு நாள் போன் செய்தாள்.

"கால்மோன்னு நம்ம மாம் பேரை வெச்சுக்கிட்டு வீட்டு மொழி ஸ்பானிஷா? உங்க தாத்தா என்ன ஸ்பெயின்லேருந்து கப்பல்ல வந்து இறங்கினாராண்ணே?"

 பிறகு அவள் கிண்டலை விட்டுவிட்டுப் பேசினாள்.

"பிள்ளைக்கு எது நல்லாத் தெரியுமோ அந்த மொழியிலதான் சோதிக்கணும். உங்களுக்குப் புரியற மொழியில சொல்லித்தான் கையெழுத்து வாங்கணும். சட்டம் அப்படித்தான் இருக்கு. மறுபடி சோதிக்கச் சொல்லி எழுதிக் குடுங்க."

"கேட்டா, ஊரைவிட்டுத் துரத்திட மாட்டாங்களே? நம்மகிட்ட இந்த நாட்டுல தங்கறதுக்குக் காகிதம் இல்லையேம்மா."

"பள்ளிக்கூடம் அந்தக் காகிதத்தைக் கேட்கவே கூடாது. அதுக்கும் சட்டம் இருக்கு. இத்தனை நாள் பயந்து என்ன கண்டீங்க?"

எழுதிக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்துக் கூப்பிட்டார்கள். சோதிக்கும் அம்மாள் ஆங்கிலத்தில் கேட்டதைப் பெத்ரோனா மாமில் சொன்னாள். எவுலாலியா பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். அப்புறம் அவளை நிறுத்த முடியவில்லை. கணக்குப் போட்டாள், படத்துக்குக் கதை சொன்னாள், பெத்ரோனா தவறாகச் சொன்ன ஓர் எண்ணைக்கூடத் திருத்தினாள்.

அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். "போன தடவை ஏன் பேசலைன்னு கேளுங்க."

"பள்ளிக்கூடத்துல நம்ம மொழி பேசவே கூடாதுன்னு அப்பா சொல்லியிருந்தாரு" என்றாள் எவுலாலியா. குறை சொல்லும் குரலே இல்லை.

சொன்னேன்தான். முதல் நாள், வாசலில், தலையைக் கோதிவிட்டபடி. சொன்னது எனக்கு மறந்தே போய்விட்டது. என் பிள்ளை இரண்டு வருடம் என் சொல்லைக் காப்பாற்றியிருக்கிறாள். அதற்குத்தான் அவளுக்கு மந்தம் என்று பெயர் வைத்தார்கள். என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

ஆகஸ்டிலிருந்து சாதாரண வகுப்பு, கூடவே ஆங்கிலத்துக்குத் தனி உதவி என்று மாமிலேயே படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். போன இரண்டு வருடத்துக்கு என்ன செய்வது என்று நான் கேட்கவில்லை.

திரும்பும் பேருந்தில் எவுலாலியா சத்தமாக மாமில் பேசிக்கொண்டே வந்தாள். வழியில் என் மேஸ்திரி ஏறினார், ஸ்பானிஷ்காரர். என்னைப் பார்த்துக் கையசைத்தார். என் கை தானாகப் போய் அவள் முழங்காலை அழுத்தியது. அவள் உடனே நிறுத்திவிட்டாள்.

கையை எடுத்துக்கொண்டேன். "பேசும்மா" என்றேன். அதையும் மேஸ்திரிக்குக் கேட்காத குரலில்தான் சொன்னேன். வீடு வரும்வரை அவள் பேசவில்லை.