முதுகில் மூன்று தட்டு

ஐந்தருவிக்குப் போகிற சாலையில் அய்யாக்குட்டி வைத்திருந்த எண்ணெய்த் தேய்ப்புக் கடையில் நாங்கள் பதினான்கு பேர் வேலை பார்த்தோம். தகரக் கொட்டகை, ஏழு பெஞ்சு, ஓர் அண்டா நிறைய எண்ணெய். சீசனுக்கு வருகிறவர்களைப் படுக்கப்போட்டு உச்சி முதல் உள்ளங்கால் வரை தேய்த்து, கடைசியில் நிமிர்த்தி உட்காரவைத்து முதுகில் மூன்று தட்டுத் தட்டி, "மூச்சை விடுங்க அண்ணாச்சி" என்போம். அவர்கள் மூச்சை விட்டுவிட்டு அருவிக்குப் போவார்கள். அந்த மூன்று தட்டு விழாவிட்டால் வேலை முடிந்ததாக எங்கள் கை ஒத்துக்கொள்ளாது.

அய்யாக்குட்டியின் கை அப்படிப்பட்ட கை. ஆறு தேர்தலில் நின்று ஆறிலும் தோற்ற ஒருவர் அவரிடம் தேய்த்துக்கொண்டே தூங்கிப்போனார். எழுந்தவர் தான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்து, தென்காசி வரைக்கும் இரண்டு பக்கமும் கும்பிட்டுக்கொண்டே போனார். ஊர்க்காரர்களும் பதிலுக்குக் கும்பிட்டார்கள். நான் பின்னாலேயே போய்ப் பார்த்தேன்.

பிறகு சாரல் பொய்த்தது. ஓர் ஆனியில் ஐந்தருவியில் மூன்று பிரிவு விழுந்தது. மறு ஆனியில் ஒன்று. அதுவும் ஆள் பார்த்துத்தான் விழுந்தது. தலையைக் காட்டினால் தோளில் சொட்டும், தோளைக் காட்டினால் நின்றுவிடும். குரங்குகள் பாட்டில் தண்ணீர் குடித்து, மூடியைத் திருகி மூடி வைத்தன. மூன்றாம் வருஷம், எண்ணெய் தேய்த்துக் குளிக்கக் கூடாது என்று அருவிக்கரையில் ஒரு போர்டு வந்தது. அதே மாதம் மேலே ஒரு சொகுசு விடுதியில் மெழுகுவத்தி ஏற்றி, புல்லாங்குழல் இசை போட்டு, எண்ணெய் தேய்த்துவிட ஆரம்பித்தார்கள். மிச்சமிருந்தவர்களும் அங்கே போனார்கள்.

எங்களில் பன்னிரண்டு பேருக்கு ஐம்பது தாண்டியிருந்தது. எண்ணெய் தேய்ப்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது. இரண்டு பேர் கேரளாவுக்குப் பாத்திரம் கழுவப் போகிறதாகப் பேச்சு வந்த அன்று, அய்யாக்குட்டி காலி அண்டாவைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

ஊரில் யார் செத்தாலும் எண்ணெய், சீயக்காய் வைத்துக் குளிப்பாட்டித்தானே எடுக்கிறார்கள் என்று ஆரம்பித்தார். மகன் பெங்களூரில், மருமகன் துபாயில். வந்து சேர்கிறவனுக்கும் தொடப் பயம். தூரத்தில் நின்று வாழைக்குப் பூச்சி மருந்து தெளிக்கிற மாதிரி தெளிக்கிறான்.

"நமக்குத் தொடத் தெரியும்லா" என்றார். "உசிரு இருக்கவனுக்கு மட்டுந்தான் தேய்க்கணும்னு யாரு சொன்னா?"

எங்களில் நயினார்தான், தன் மகளுக்குச் சம்பந்தம் பேசி முடித்திருக்கிறது, இந்த வேலை தெரிந்தால் நின்றுபோகும் என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

"முதல் ஆளை நான் குளிப்பாட்டுதேன் வே. நீங்க தண்ணி மொண்டு குடுத்தாப் போதும். பெறவு வாறவன் வரட்டும். வராதவனுக்கும் அடுத்த சாரல் வரைக்கும் என் வீட்டுல சோறு உண்டு. பதினாலு பேருல ஒருத்தன் கொறஞ்சாலும் நான் கடைய மூடிருவேன்."

அய்யாக்குட்டி சொன்னபடியே முதல் ஆளைத் தனியாகக் குளிப்பாட்டினார். ஓய்வுபெற்ற கிராம அதிகாரி ஒருவர். உயிரோடு இருந்தபோது யாருக்கும் முகம் கொடுத்துப் பேசாதவர், அன்று சாந்தமாகப் படுத்திருந்தார். இரண்டாவது ஆளுக்கு நான் கை வைத்தேன். குளிர்ந்துதான் இருந்தது. மற்றபடி வாடிக்கைக்காரர்தான், பேரம் பேசவில்லை. ஒரு மாதத்தில் பதினான்கு பேரும் வந்துவிட்டோம். நயினார் மகளின் சம்பந்தம் நின்றது. நயினார் மறுநாளும் வேலைக்கு வந்தார்.

கொட்டகைக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த தாணு, மற்றவர்களுக்குக் கண்ணாடி கிளாசிலும் எங்களுக்குக் காகிதக் கோப்பையிலும் டீ கொடுக்கத் தொடங்கினான். ஏன் என்று கேட்டதற்கு, "சுகாதாரம் அண்ணாச்சி" என்றான்.

இப்படி நடந்துகொண்டிருந்தபோதுதான் கீழப்பாவூர் பால்வண்ணநாதன் செத்துப்போனார். எண்பத்தொரு வயது. செல்போனில் முகத்தைக் காட்டச்சொல்லி ஒரு டாக்டர் பார்த்து, முடிந்தது என்று சொல்லிவிட்டார். மகன் குமரகுரு விமானத்தில் வந்து இறங்கியிருந்தான்; திரும்பிப் போகிற டிக்கெட்டையும் மறுநாளைக்கே போட்டிருந்தான். எங்களில் மாடனுக்குத்தான் கை கனம். மாடன் நெஞ்சில் தேய்த்து, கை கால் நீவி, பெரியவரை நிமிர்த்தி உட்காரவைத்தான். நான் முதுகைத் தாங்கிப் பிடித்திருந்தேன். முப்பது வருஷப் பழக்கம். பிணம் என்பது மாடன் மூளைக்குத் தெரியும், கைக்குத் தெரியாது. மூன்று தட்டுத் தட்டி, "மூச்சை விடுங்க அண்ணாச்சி" என்றான்.

பெரியவர் மூச்சை விட்டார். விட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம் மேல தட்டுலே" என்றார்.

மாடன் மேலே தட்டினான். வாடிக்கைக்காரர் கேட்டால் செய்யாமல் இருக்க முடியுமா? அப்புறம்தான் மயங்கி விழுந்தான்.

பால்வண்ணநாதன் அதற்குப் பிறகு பதினோரு நாள் இருந்தார். வேளைக்கு ஆறு இட்லி சாப்பிட்டார். தன்னைக் கிடத்தியிருந்தபோது யார் யார் என்ன பேசினார்கள் என்று ஒருவர் விடாமல் கூப்பிட்டுக் கேட்டார். குமரகுருவை இரண்டு தடவை கேட்டார். பன்னிரண்டாம் நாள் நிஜமாகவே போய்விட்டார். எங்களைக் கூப்பிடவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு மகனே குளிப்பாட்டினானாம், வேகமாக.

அதோடு போன் அடிப்பது நின்றது. செத்தவரை எழுப்பிவிடுகிற ஆட்களை எந்த வீட்டில் கூப்பிடுவார்கள்? நாற்பது நாள் ஒருவரும் கூப்பிடவில்லை. அய்யாக்குட்டி சொன்ன சொல் தவறவில்லை. அவர் மனைவி ஜோதிலட்சுமி தினமும் பதினான்கு பேருக்கு உலை வைத்தாள். சோறு கஞ்சியாயிற்று. கஞ்சியில் முதலில் என் முகம் தெரிந்தது. அடுத்த வாரம் கூரை தெரிந்தது. அதற்கடுத்த வாரம், கூரைக்கு மேலே பறந்த பருந்தும் அதன் காலில் இருந்த கோழிக்குஞ்சும் தெரிந்தன. ஜோதிலட்சுமியின் தட்டில் அதுவும் இல்லை என்பதை நாங்கள் பார்த்தும் பார்க்காத மாதிரி குடித்தோம்.

நாற்பத்தோராம் நாள் காலையில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. பின்னால் ஏழெட்டு பைக். சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்திக்குத் தண்ணீர் பாய்ச்சப் போன கணேசமூர்த்தி என்பவர் விடியும்போது வரப்பிலேயே விழுந்துவிட்டார். முப்பத்துநான்கு வயது. இரண்டு டாக்டர்கள் நேரில் பார்த்து, இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர் மனைவி மங்களேஸ்வரி அழாமல் இறங்கி வந்தாள். கீழப்பாவூர்ப் பெரியவருக்குத் தட்டினது போல இவருக்கும் தட்ட வேண்டும் என்றாள்.

மாடன் அய்யாக்குட்டியை அண்டாவுக்குப் பின்னால் இழுத்துப் போனான். நானும் போனேன். உண்மையைச் சொன்னால், உயிரோடு இருந்தவரைச் சுடுகாட்டுக்குக் குளிப்பாட்டினோம் என்று நாமே ஊரறியச் சொன்னதாகும். போலீஸ் வரும், கடை முடிந்தது. சும்மா தட்டிவிட்டு, இவருக்கு விதி இல்லை என்று சொன்னால், செங்கோட்டை வரைக்கும் வண்டி வரிசையில் நிற்கும். பதினான்கு குடும்பமும் பிழைக்கும் என்றான். மாடன் சொன்னதில் தப்பு இருந்ததாக அப்போது எனக்குத் தோன்றவில்லை. நானும் காலையில் கஞ்சி குடித்தவன்தான்.

அய்யாக்குட்டி எங்கள் இரண்டு பேரையும் விலக்கிவிட்டு வெளியே வந்தார். பைக்கில் வந்தவர்கள், தாணு, டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் கேட்கும்படி சொன்னார்.

"எம்மா, நாங்க யாரையும் எழுப்பல. அன்னைக்கு அவரு சாகவே இல்ல. எங்களுக்குத் தெரியல, பாக்காம எண்ணெய வச்சுட்டோம். எங்க தப்பு. எங்க கைல வேற ஒண்ணும் கெடையாது."

மங்களேஸ்வரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும் அண்ணாச்சி" என்றாள். "இருந்தாலும் தட்டுங்க."

முதல் பெஞ்சில் கிடத்தினோம். அண்டாவில் எண்ணெய் இல்லை. ஜோதிலட்சுமி அடுப்படியில் இருந்ததைக் கிண்ணத்தோடு கொண்டுவந்தாள். உச்சியிலிருந்து உள்ளங்கால் வரைக்கும், ஒரு விரலை விடாமல், சீசனில் வந்தவருக்குத் தேய்ப்பது போல அய்யாக்குட்டி தேய்த்தார். உட்காரவைத்துத் தட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று. "மூச்சை விடுங்க தம்பி" என்றார்.

ஒன்றும் இல்லை. அவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டவில்லை.

மறுபடியும் தட்டினார். மறுபடியும் சொன்னார். வெயில் தகரத்தில் ஏறியது. பைக்கில் வந்தவர்களில் ஒருவர், போதும் என்று சொல்ல வாயெடுத்தார். அவள் திரும்பிப் பார்த்ததும் அடங்கிவிட்டார். நான் மாற்றிக்கொள்கிறேன் என்றேன். அய்யாக்குட்டி விடவில்லை. நானூற்றுப் பன்னிரண்டு வரைக்கும் எண்ணினேன். அதற்குமேல் எண்கள் தீர்ந்துவிட்டன. அவருடைய வலது கை தோசைக்கல்லில் வைத்த மாதிரி சிவந்து, பிறகு வீங்கி, பிறகு நிறமே தெரியாத ஒரு நிறத்துக்கு வந்தது. ஒவ்வொரு மூன்றுக்கும் ஒரு தடவை, குரல் மாறாமல், மூச்சை விடச் சொன்னார்.

கொட்டகை நிழல் சாலையைத் தாண்டி டீக்கடைக்குப் போன நேரத்தில் மங்களேஸ்வரி எழுந்து பக்கத்தில் வந்தாள். கணவனின் முதுகைத் தடவிப் பார்த்தாள்.

"போதும் அண்ணாச்சி" என்றாள். "அவருக்கு வலிக்கும்."

அப்புறம்தான் அழுதாள்.

போலீஸ் வந்தது, இரண்டு நாள் விசாரித்துவிட்டுப் போனது. பத்தாம் நாள் சுந்தரபாண்டியபுரத்திலிருந்தே ஒரு வீட்டில் கூப்பிட்டார்கள். பிறகு வீரகேரளம்புதூரிலிருந்து. உறுதி செய்துவிட்டு எடுக்க வேண்டும், நீங்கள் வந்து தட்டுங்கள் என்றார்கள். எத்தனை தட்டு என்று நாங்கள் கேட்பதில்லை. போதும் என்று வீட்டார் சொல்லும்வரை தட்டுகிறோம். கொட்டகை போர்டிலும் அப்படியே எழுதிவைத்திருக்கிறது. மனைவிமார் முப்பது, நாற்பதில் சொல்வார்கள். பெற்றவர்களுக்கு இரண்டு ஆள் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். சில மகன்மார் நாங்கள் கையைத் தூக்கும்போதே போதும் என்பார்கள். அந்த வீடுகளிலும் மூன்று தட்டாமல் நாங்கள் வருவதில்லை.

பதினான்கு பேரும் இருக்கிறோம். அய்யாக்குட்டி மட்டும் இடது கையால் தட்டுகிறார். வலது கையில் விரல் மடங்குவதில்லை. சோற்றை ஜோதிலட்சுமி பிசைந்து வைக்கிறாள்.

போன ஆனியில் ஐந்து பிரிவும் விழுந்தன. அருவிக்கரைப் போர்டு அப்படியே இருந்தது. நாங்கள் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தோம்.

அந்த வாரம் தாணுவின் அம்மா இறந்துபோனாள். அவனே சாலையைக் கடந்து வந்து அய்யாக்குட்டி முன்னால் நின்றான். இருநூறு தட்டு தாண்டியும் அவன் வாயிலிருந்து போதும் என்ற சொல் வரவில்லை; அய்யாக்குட்டியும் நிறுத்தவில்லை. காரியம் எல்லாம் முடிந்து தாணு கடை திறந்த அன்று பதினான்கு பேரும் போனோம். எங்களைப் பார்த்ததும் அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. காசு வாங்க மாட்டேன் என்று கையெடுத்துக் கும்பிட்டான். டீயைக் காகிதக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தான்.