பெரியாத்தாள் எக்ஸ்போர்ட்ஸின் புது கோச்

நான் கோச் ஆனது 1992 பிப்ரவரியில், ஒரு செவ்வாய்க்கிழமை, டீ இடைவேளைக்கும் சாப்பாட்டு இடைவேளைக்கும் நடுவில். அன்று காலை வரை பெரியாத்தாள் எக்ஸ்போர்ட்ஸில் செக்கிங் சூப்பர்வைசராக இருந்தேன். தைத்து வரும் பனியனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். ஓட்டையோ கறையோ இருந்தால் அந்த இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி ஒதுக்கி வைப்பேன். அதற்கு முன் பதினோரு வருடம் இதே கம்பெனியின் புட்பால் டீமில் இருந்தேன். 'ஆடினேன்' என்றுதான் எழுத வந்தேன். அந்த மைதானங்களில் எனக்குத் தெரிந்த பெஞ்சுகள் சிரிக்கும் என்பதால் 'இருந்தேன்' என்று மாற்றிவிட்டேன்.

பொழுதுபோக்கு டீம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆடுவதற்கென்றே மாதச் சம்பளம் கொடுத்துப் பதினெட்டு பேரை வைத்திருந்தார் முதலாளி அர்த்தநாரி. எண்பதில் பனியன் வாங்க இத்தாலியிலிருந்து வந்த ஒரு பையருக்குப் புட்பால் உயிர் என்று யாரோ சொல்ல, மறுமாதமே டீம் ஆரம்பித்தார். பையர் இரண்டு வருடத்தில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். டீம் மட்டும் தங்கிவிட்டது. முதலாளிக்குத் தன் அம்மா மேல் பக்தி அதிகம். ஆகவே பதினோரு ஆண்பிள்ளைகள் நெஞ்சில் 'பெரியாத்தாள்' என்று எழுதிக்கொண்டு கோயமுத்தூர் லீக்கில் முதல் டிவிஷன் ஆடினோம். எதிர் டீம் ரசிகர்கள், "ஆத்தா, பாத்துப் போ ஆத்தா!" என்று கத்துவது எங்களுக்குப் பழகிப்போயிருந்தது.

பழைய கோச் முறைப்படி படித்துச் சான்றிதழ் வாங்கியவர். லீக்கில் மூன்று ஆட்டம் மிச்சமிருக்க, டீம் கடைசி இடத்துக்கு வந்ததும் முதலாளி அவரிடம் ஏதோ யோசனை சொல்லியிருக்கிறார். கோச் விசிலைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டார். விசில் சூடு ஆறுவதற்குள் என்னைக் கூப்பிட்டார்கள்.

"வா கண்ணு ஹிதாயத்து. இன்னையிலிருந்து நீதான் கோச்சு."

"மொதலாளி, எனக்கு அதுல ஒண்ணுமே தெரியாதுங்களே!"

"ஏன் தெரியாது? பதினோரு வருசம் பெஞ்சுல உக்காந்து அத்தன மேட்சையும் முழுசா பாத்தவன் நீ ஒருத்தந்தான். மத்தவனுங்க எல்லாம் ஆடிக்கிட்டு இருந்தானுங்க."

முதலாளி விசிலை எடுத்து என் கையில் வைத்து அழுத்தினார்.

"கட்டிங் மாஸ்டர் ஓடிப் போனப்ப என்ன பண்ணுனோம்? கை ஆளுக்குக் கத்திரியக் குடுத்தோம். சரக்கு நிக்கல பாரு. எல்லாம் அப்படித்தான். ஆனா ஒண்ணு. டிவிஷன் எறங்குச்சுன்னா டீமைக் கலச்சுப்போடுவேன். அத்தன பேரும் பேக்கிங்குக்குப் போகோணும். இனிமே ஆடற பதினோரு பேருல இல்லாதவன் எப்படியும் பேக்கிங்குதான். சும்மா உக்கார வெச்சுச் சோறு போட முடியாது பாரு."

வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். என் மனைவி நசீம் பானு மாவு பிசைந்த கையோடு வெளியே வந்தாள். "உங்களையா? அந்த டீம்ல வெள்ளியங்கிரி அண்ணன் இருக்காருல்ல?" என்றாள். பிறகு எனக்காகச் சந்தோஷப்பட்டாள். நல்லூரில் எங்கள் தெரு முழுக்க மறுநாள் காலைக்குள் செய்தி போய்விட்டது.

அவள் கேட்டது நியாயம். வெள்ளியங்கிரி எங்கள் கேப்டன். டீம் தொடங்கிய நாளிலிருந்து நடு டிபன்ஸில் நின்றவன். முப்பத்தைந்து வயது. எனக்கு அவனும் அவனுக்கு நானும் 'மாப்ளே'. நான் டீமில் பதினோரு வருடம் நீடித்த ரகசியம் அவனுடைய தொடைதான். எண்பதாவது நிமிஷம் வந்தால் அவன் தொடையைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிடுவான். "பிடிச்சுக்கிச்சுங்க சார், ஹிதாயத்த உடுங்க" என்பான். நான் ஓடிப் போய்ப் பத்து நிமிஷம் பந்தைத் துரத்துவேன். என்னைக் கடந்து வெளியே போகும்போது அவன் நொண்டுவான், அடிக்கடி தப்புக் காலில்.

கோச் ஆன அன்று ராத்திரி ஒரு நோட்டை வைத்துக்கொண்டு யோசித்தேன். எனக்குத் தெரிந்த ஒரே ஏற்பாடு பவர் டேபிள். வரிசையாக மெஷின்கள் இருக்கும். ஓவர்லாக்காரர் தோளை இணைப்பார், அடுத்தவர் கையை வைப்பார், அதற்கடுத்தவர் ஓரத்தை மடித்து அடிப்பார். துணி ஒரு முனையில் நுழைந்தால் மறுமுனையில் பனியன். யாரும் அடுத்தவர் வேலையைத் தொடக்கூடாது. யாரும் ஒருவரைத் தாண்டிப் போடக்கூடாது. இதில் பந்தை மட்டும் நுழைத்தால் மறுமுனையில் கோல் வந்து விழ வேண்டாமா?

பிளையர்களைக் கூப்பிட்டு விளக்கினேன். பந்து எப்போதும் வெள்ளியங்கிரியிடம் தொடங்க வேண்டும். அவன் இடதுபக்கத்து ஆளிடம், அவன் நடுவிலிருக்கும் குமாரவேலிடம், குமாரவேல் வலதுபக்கம், கடைசியில் கோல். தாண்டிப் போடுவது குற்றம்.

"நடுவால ஆள் வந்து மறிச்சா என்னங்க பண்றது?" என்று கேட்டான் குமாரவேல்.

"வராம பாத்துக்கணும்" என்றேன். எனக்கே அது ரொம்பத் தெளிவாகப் பட்டது.

முதல் ஆட்டத்தில் நான்கு கோல் வாங்கினோம். அடுத்ததில் ஐந்து. ஏனென்றால் எதிர் டீமில் எல்லாரும் அவசரக்காரர்கள். எங்கள் இடதுபக்கத்து ஆள் பந்தை வைத்துக்கொண்டு குமாரவேல் வந்து சேருவதற்காக மரியாதையாகக் காத்திருப்பான். அதற்குள் மூன்று பேர் வந்து பந்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். யார்மீதும் பழி சொல்ல முடியாது. எல்லாரும் அவரவர் வேலையைச் சுத்தமாகச் செய்தார்கள்.

முதலாளி கோபிக்கவே இல்லை. "புது லைன் செட்டாகற வரைக்கும் ரிஜெக்ட் விழத்தான் செய்யும் கண்ணு" என்றார். "ஆனா அடுத்ததுல டிராவாவது ஆகோணும். இல்லாட்டி கலச்சுப்போடுவேன்." ஒரு புள்ளி வந்தால் டிவிஷனில் நிற்போம். அதுதான் கணக்கு.

லைன் ஓடவில்லை என்றால் பவர் டேபிளில் என்ன செய்வோம்? ஸ்டாப் வாட்சை எடுத்துக்கொண்டு நின்று, எவரிடம் துணி தேங்குகிறது என்று பார்ப்போம். அவரை மாற்றுவோம். நானும் பிராக்டிஸில் ஸ்டாப் வாட்சோடு நின்றேன். பந்து அதிகம் தேங்கிய இடம் வெள்ளியங்கிரியின் கால். மூன்று நாள் பார்த்தேன். மூன்று நாளும் அவன்தான். என் திட்டத்தைத் துளி பிசகாமல் கடைப்பிடித்ததும் அவன்தான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அவனுக்கு வேகம் போய்விட்டதும் உண்மை. எதிர் டீமின் பையன்கள் அவனை ஒரு தூணைச் சுற்றுவதுபோல் சுற்றிப் போனார்கள்.

ஒரு நாளைக்கு ஆயிரம் பனியனில் கண் சிமிட்டாமல் ஸ்டிக்கர் ஒட்டியவன் நான். அவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்ல என்னால் முடியவில்லை. வெள்ளிக்கிழமை, ஷிப்ட் லிஸ்ட் ஒட்டும் போர்டில், ஷிப்ட் லிஸ்டுக்குப் பக்கத்திலேயே டீம் லிஸ்டை ஒட்டிவிட்டு, ஜும்மாவுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிவிட்டேன். பதினோரு பெயரில் அவன் பெயர் இல்லை. கீழே மாற்று ஆட்களில் கடைசியாக இருந்தது.

சாயங்காலம் நசீம் கேட்டாள்: "அண்ணன்கிட்ட என்ன சொன்னீங்க?"

"போர்டுல போட்டிருக்கேன்."

"என்மேல கோவம் வந்தாலும் இனிமே சமையக்கட்டுல ஒரு போர்டு மாட்டிட்டா வசதியா இருக்கும்ல உங்களுக்கு?" என்றாள். "திங்கக்கிழமையிலிருந்து அவரு பேக்கிங்குல நிக்கணும். தெரியும்ல?"

தெரியும். அதனால்தான் போர்டு.

ஞாயிற்றுக்கிழமை கோயமுத்தூர் போகும் கம்பெனி வேனில் வெள்ளியங்கிரி எல்லோருக்கும் முன்னால் ஏறியிருந்தான். தண்ணீர் கேனை அவனே தூக்கி வைத்திருந்தான். என்னிடம், "சன்னலோரம் உக்காந்துக்கறயா மாப்ளே?" என்று கேட்டான். என்னைத் திட்டியிருந்தால் அவிநாசி வரைக்குமாவது நிம்மதியாகப் போயிருப்பேன்.

எதிரில் ஒரு மில் டீம். இருபத்திரண்டாவது நிமிஷம் ஒரு கோல் போட்டார்கள். புதிதாக நடு டிபன்ஸில் நின்ற சனாவுல்லா வேகக்காரன். ஆனால் வேகமாக ஓடி வந்து நின்று, லைன்படி அடுத்தவனுக்காகக் காத்திருந்தான். இடைவேளையில் நான் நோட்டை விரித்து மறுபடி லைனை விளக்கினேன். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாரும் மனசுக்குள் பேக்கிங் செக்ஷனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அறுபது, எழுபது என்று நிமிஷங்கள் போயின. பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் வெள்ளியங்கிரி துண்டை முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தான். துண்டில் ஈரம் இல்லை. எழுபத்தெட்டாவது நிமிஷம் குமாரவேலிடம் பந்து வந்தது. வலதுபக்கத்து ஆள் விழுந்து கிடந்தான். குமாரவேல் பந்தை மிதித்துக்கொண்டு, அவன் எழுந்திருக்கட்டும் என்று நின்றான்.

வெள்ளியங்கிரி எழுந்துவிட்டான்.

"டேய் குமாரவேலு! எவனுக்கடா காத்துக்கிட்டு நிக்கற, மாப்பிள்ளை அழைப்புக்கா? முன்னால பாருடா, ஒருத்தனும் இல்ல! தூக்கிப் போடு!"

குமாரவேல் பந்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். பத்துப் பேரும் என்னைப் பார்த்தார்கள். கோச் என்ற முறையில் எனக்குக் கிடைத்த ஒரே பெரிய தருணம் அது. அதில் நான் வீரமாக ஏதோ செய்தேன் என்று எழுத ஆசைதான். நான் மேலும் கீழும் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான்.

பிறகு பன்னிரண்டு நிமிஷமும் கோட்டோரம் ஓடியது வெள்ளியங்கிரியின் குரல். "சனா, உள்ள வாடா, அவன் வலதுகால்காரன்!" "ஏறு, ஏறு, இப்ப ஏறு!" கால் போன மனுசனுக்குக் கண் போகவில்லை. பந்து எங்கே போகும் என்று பந்துக்கு முன்னால் அவனுக்குத் தெரிந்தது. எண்பத்தாறாவது நிமிஷம் குமாரவேல் போட்ட நீளப் பந்தில் எங்கள் ஆள் ஒருவன் தலை வைத்து ஒரு கோல். ஒன்றுக்கு ஒன்று, டிரா. விசில் ஊதியதும் எல்லாரும் வெள்ளியங்கிரிமேல் விழுந்தார்கள். இரண்டு பேர் மரியாதைக்கு என்மேலும் விழுந்தார்கள்.

திங்கட்கிழமை காலை முதலாளி என் கழுத்தில் ரோஜா மாலை போட்டார். "லைன் செட்டாயிருச்சு பாத்தியா!" என்றார். "அடுத்த சீசனுக்கும் நீதான்."

மாலை நன்றாக மணத்தது. நசீம் தெருவில் தலைநிமிர்ந்து போகும் காட்சி கண்முன் வந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

"மொதலாளி, அது நான் இல்லீங்க. வெள்ளியங்கிரிங்க. அவனக் கோச்சா போடுங்க."

"அவன் இன்னைக்கு பேக்கிங்குக்குப் போகோணுமில்ல?"

"அதுக்குத்தானுங்க சொல்றேன்."

முதலாளி யோசித்தார். "அப்ப நீ?"

"செக்கிங்குக்கே போயிடறேங்க."

"செக்கிங்குக்குத்தான் ஆள் போட்டாச்சே கண்ணு. பேக்கிங்குலதான் ஒரு ஆள் குறையுது." அந்தக் குறைகிற ஆள் வெள்ளியங்கிரி என்பதை இருவரும் ஒரே சமயத்தில் புரிந்துகொண்டோம். மாலையைக் கழற்றி அவர் மேஜைமேல் வைத்தேன்.

மதியம் பேக்கிங் செக்ஷனில் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தபோது வெள்ளியங்கிரி வந்தான். கழுத்தில் விசில்.

"ஏன் மாப்ளே இப்படிப் பண்ணிப்போட்ட?" என்றான். "நீ போட்ட லிஸ்ட் சரிதான். என்ற காலு எனக்குத் தெரியாதா?"

எனக்கு டேப் கையில் ஒட்டிக்கொண்டது. அதை உரிக்க முயன்றேன். மறுகையிலும் ஒட்டியது. இரண்டு கையும் கட்டுண்ட நிலையில்தான் எனக்குப் பேச்சு வந்தது.

"வெள்ளியங்கிரி, உன்ன டீம்ல இருந்து எடுக்கறேன்."

மூன்று நாள் தாமதம். பக்கத்து மேஜைப் பெண்கள்கூட மடிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

"ஏனுங் மாப்ளே?" என்றான், முதல்முறையாகக் கேட்பவன்போல.

"உனக்கு வேகம் போயிருச்சு. திரும்பறதுக்கு நேரமாகுது. இடது பக்கமா வர்றவனப் புடிக்க முடியல உன்னால." டேப்பை உரிப்பதை விட்டுவிட்டேன். பேச்சை நிறுத்தவில்லை. "உன்ன வெச்சு ஆடுனா தோத்துருவோம்னு நெனச்சேன். உன் மூஞ்சியப் பாத்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்ல."

கடைசி வரை கேட்டான். பக்கத்திலிருந்த பெட்டியின்மேல் மெதுவாக உட்கார்ந்தான். ஏற்றுமதிப் பெட்டி, அவன் எடையில் ஒரு பக்கம் அமுங்கியது.

"செரி" என்றான். என் கையை இழுத்து டேப்பை உரிக்கத் தொடங்கினான்.