மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு 'டக்'

நாடகக் குழுவின் டைரக்டர் வாயைத் திறந்தாலே "நிசப்தம்!" என்று கத்துவார். அதுவே அவருக்குப் பட்டப்பெயராகிவிட்டது. ஒன்பது வருடமாகக் குழுவுக்குப் படம் எடுக்கும் அக்காவின் கேமரா மேல் அவருக்குப் பழைய கடுப்பு. இந்த முறை கறாராகவே சொல்லிவிட்டார்.

"நடிக்கும்போது இன்னொரு தடவை அந்த டக்கு டக்கு கேட்டுச்சுன்னா, வெளிய நின்னு போஸ்டரைப் படம் எடுத்துக்கங்க."

அதிலும் நியாயம் இருந்தது. நாடகத்தின் உச்சம், அக்காவின் தங்கை நடிக்கும் நான்கு நிமிடக் காட்சி. வசனமே கிடையாது. வீட்டை விட்டுப் போகிறவள் பெட்டியில் துணி அடுக்கி, மூடியைப் பிடித்தபடி நின்று, பிறகு மூடுவாள். ஊசி விழுந்தால் கேட்கும் அந்த இடத்தில், பழைய கேமராவுக்குள் ஒவ்வொரு படத்துக்கும் கண்ணாடி எழும்பி விழும் சத்தம் யாருக்குத்தான் பிடிக்கும்?

கண்ணாடியே இல்லாத ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் கேமரா ஒன்றை வாங்கத் தீர்மானித்தாள் அக்கா. கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று கைக்கு அடக்கம். மற்றது கனம், விலையும் கனம்.

"ரெண்டுலயும் துளி சத்தம் வராது மேடம்."

"ஒரு நாள் குடுங்க, ஒத்திகையில பாத்துடறேன். கடை வெளிச்சத்துல எல்லாமே நல்லாத்தான் தெரியும்."

பழைய வாடிக்கை என்பதால் கொடுத்தார். ஒத்திகையில் சின்னதைச் சத்தமில்லாமல் இயக்கினால் மேடை எல்.இ.டி. விளக்கில் படமெங்கும் கறுப்புக் கோடுகள். தங்கை ஜெயிலில் நிற்பது போலிருந்தது. கனமானதில் படம் பளிச். 'நிசப்தம்' சாரே திரும்பிப் பார்த்து, "எடுக்கறீங்களா, தூங்கறீங்களா?" என்றார். அவர் வாயில் அதுதான் பாராட்டு.

ஆனால் தங்கை மூடியைப் பிடித்தவள் பிடித்தபடியே நின்றாள். கடைசியில் மூடாமலே உள்ளே ஓடிவிட்டாள்.

"பெட்டித் தாழ்ப்பாள் உடைஞ்சதுல, மூடினாலும் சத்தமே வரலை. இப்ப மூடவும் ஆள் இல்லையா?" என்று கத்தினார் டைரக்டர். "நாளைக்கும் இப்படின்னா வேற ஆளைப் போட்டுருவேன்!"

அக்கா போனபோது ஒப்பனை அறையில் தங்கை முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி ஆச்சு?"

"நீ போயிட்டேன்னு நெனச்சேன்க்கா."

"மூணாவது வரிசையிலதானேடி இருந்தேன்!"

"எனக்கெப்படித் தெரியும்? கண்ணுல லைட்டு, எதிர்ல ஒரே இருட்டு. மூடியைப் பிடிச்சதும் உன் கேமரா அடிக்கும். அக்கா பாக்கறா, சரியாத்தான் செய்யறேன்னு மூடுவேன். எந்த நாடகமானாலும் எனக்கு அதுதான் தைரியம்."

இத்தனை வருடமும் அக்கா கூசிக் கூசி அழுத்திய பட்டனை நம்பித்தான் இவள் மேடையில் நின்றிருக்கிறாள்.

மறுநாள் காலை கடையில் கனமானதையே எடுத்தாள்.

"இதுல சத்தம் வர வைக்க முடியுமா?"

கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "சத்தமே கூடாதுன்னு நீங்கதானே கேட்டீங்க?"

"ஒரே ஒரு தடவை வேணும்."

"படம் எடுக்கறப்ப ஸ்பீக்கர்ல 'டக்'னு வர்ற பொய்ச் சத்தம் ஒண்ணு இருக்கு. தேவைப்படறப்ப மட்டும் வர்ற மாதிரி ஒரு பட்டன்ல வச்சுத் தரேன்."

அன்று மாலை நாடகத்தின் அரங்கேற்றம். அக்கா சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டே வந்தாள். தங்கை துணிகளை அடுக்கினாள், மூடியைப் பிடித்தாள், நின்றாள். அக்காவின் விரல் பட்டன் மேல் போனது. அழுத்தினால் ஒன்பது வருட வேலை போகும். அழுத்தாவிட்டால் தங்கை போவாள். அந்தப் பட்டனைத் தட்டிவிட்டு ஒரே ஒரு படம் எடுத்தாள்.

டக்.

தங்கை மூச்சு விட்டாள். அந்தக் கணமே மூடி இறங்கியது.

நாடகம் முடிந்ததும் டைரக்டர் நேராக அவர்களிடம் வந்தார். அக்கா பையைத் தோளில் மாட்டி, திட்டு வாங்கத் தயாராக நின்றாள்.

"அந்தத் தாழ்ப்பாளை யாரு சரி பண்ணது? பெட்டி மூடினப்ப 'டக்'னு கேட்டுச்சே, உடம்பே சிலிர்த்துப் போச்சு! நாளைக்கும் அதே இடத்துல அப்படியே கேக்கணும்."

தங்கை வாயைத் திறந்தாள். அக்கா அவள் கையைக் கிள்ளினாள்.

"கேக்கும் சார். நான் பாத்துக்கறேன்."